மலையின் அசேலியாவும் நம் வாசல் வெட்சியும்

கோடை விடுமுறையில் ஏற்காட்டுக்கோ உதகைக்கோ சென்று திரும்பும் நம் குடும்பங்களுள் பல, மிளகும் காப்பித் தூளும் வாங்கி வருவதோடு, பூத்துக் குலுங்கும் ஒரு செடியையும் மடியில் ஏந்தி வருவதைக் காண்கிறோம். பேருந்தில் அதற்கென ஓர் இருக்கையே ஒதுக்கி அழைத்து வருவோரும் உளர். அச்செடி பெரும்பாலும் அசேலியாவாகவே இருக்கும். இலையே தெரியாதபடி மூடி மலரும் அதன் இளஞ்சிவப்பைக் கண்டவர்களுக்கு வெறுங்கையோடு இறங்க மனம் வருவதில்லை. எருமப்பட்டிக்கு வந்த முதல் வாரம் அது வாசலில் அரசியைப் போல் வீற்றிருக்கும். இரண்டாம் வாரம் பூ உதிரும். மூன்றாம் வாரம் இலையின் ஓரம் தீய்ந்து பழுப்பேறும். ஆடி பிறப்பதற்குள் தொட்டி வெறுமையாகிவிடும். “தண்ணீர் ஊற்றினோம், எருவும் வைத்தோம், ஏன் சாமி பட்டுப்போயிற்று?” என்னும் வினா ஆண்டுதோறும் நம்மிடம் வந்த வண்ணம் இருக்கிறது.

வளர்த்தவர் கையில் குற்றமில்லை. அசேலியா என்பது ரோடோடென்ட்ரான் என்னும் பெருங்குடும்பத்தின் குறுஞ்செடி. அக்குடும்பத்துச் செடிகளின் வேர் தலைமயிரைப் போன்று மெல்லியது. மண்ணின் மேற்பரப்பிலேயே படர்வது. இலைமக்கு நிறைந்த, புளிப்புத்தன்மையுள்ள, என்றும் ஈரம் காக்கும், ஆனால் நீர் தேங்காத மண்ணே அதற்கு வேண்டும். நம் தமிழகத்திலேயே அக்குடும்பத்தின் மரமொன்று காட்டுப்பூவரசு என்னும் பெயரில் வாழ்கிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆனைமலையின் உச்சிகளிலும், புல்வெளியும் சோலையும் சந்திக்கும் இடங்களில், குருதிச் சிவப்பாகப் பூத்து நிற்கும் மரம் அதுவே. அதன் உறவினங்கள் பல தொலைவிலுள்ள இமயத்தில் இருக்க, இது நம் தென்மலைகளில் தனித்துத் தங்கியிருப்பதை உலகம் குளிர்ந்திருந்த பழங்காலத்தின் எச்சம் என்பர் தாவர நூலோர். அம்மரம் தானாகக் கீழே இறங்கி வரவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். எருமப்பட்டியிலிருந்து வடக்கே நோக்கினால் கொல்லிமலைத் தொடர் சுவரென எழுந்து நிற்கிறது. அந்த மலையின் மேற்பரப்புக்கும் நம் தெருவுக்கும் இடையே ஆயிரம் மீட்டர் உயரம் இருக்கிறது. அந்த உயரம் காலநிலையை மட்டுமன்றி மண்ணையும் நீரையும் வேறாக்கிவிடுகிறது.

“இப்போது ஆண்டில் பலமுறை பூக்கும் அசேலியா வந்திருக்கிறதாமே, அதுவேனும் வருமா?” என்று கேட்போரும் உண்டு. வந்திருப்பது உண்மையே. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் லீ என்னும் நாற்றங்கால் வல்லுநர், தைவான் தீவில் வேனிலிலும் பூக்கும் ஒரு காட்டு அசேலியாவை, வசந்தத்தில் மட்டும் பூக்கும் தோட்டத்து வகைகளோடு ஒட்டுச் சேர்த்துப் பல ஆண்டுகள் பாடுபட்டார். அவ்வாறு பிறந்த செடிகள் 1990களின் பிற்பகுதியில் ‘என்கோர்’ என்னும் பெயரால் விற்பனைக்கு வந்தன. பழைய அசேலியா இவ்வாண்டின் தளிரில் அரும்பு கட்டி, குளிர்காலம் முழுவதும் அதனை மூடி வைத்திருந்து, மறு வசந்தத்தில் விரிக்கும். புதிய வகையோ அத்தனை பொறுமை காட்டாது, கட்டிய அரும்பை அந்த ஆண்டிலேயே விரித்துவிடும். லூசியானாவின் கோடை வெம்மையும் கடுமையானதே. ஆயினும் அங்கே மெய்யான குளிர்காலம் ஒன்று உண்டு, மண்ணும் பெரும்பாலும் புளிப்பானது. நம்மிடம் அவ்விரண்டும் இல்லை. ஆகவே அசேலியாவை மலையிலேயே கண்டு மகிழ்ந்து, அங்கேயே விட்டு வருவதே அறிவுடைமை.

ஆனால், கொத்துக் கொத்தாக, ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் பூக்கும் குறுஞ்செடிதான் வேண்டுமென்றால், அதற்கு நாம் ஏற்காடு ஏற வேண்டியதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் இட்லிப்பூ என்றும், பெரியோர் விருட்சி என்றும், கேரள மக்கள் தெச்சி என்றும் வழங்கும் வெட்சியே அது. தாவர நூலில் அதன் பெயர் இக்சோரா.

வெட்சியைப் போல் பழம்பெருமை வாய்ந்த வாசற்செடி வேறொன்று நமக்கு இல்லை எனலாம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் செல்லும் பூக்களின் நீண்ட வரிசையில், குறிஞ்சிக்கு அடுத்த சொல்லாகவே வெட்சி நிற்கிறது. தொல்காப்பியர் புறத்திணைகளுள் முதலாவதற்கு இப்பூவின் பெயரையே சூட்டி, குறிஞ்சிக்கு அதனைப் புறனாக வைத்தார். பகைவரின் ஆநிரையைக் கவரச் செல்லும் வீரர் தலையில் சூடியது இந்தச் சிவந்த கொத்தைத்தான். பெயரிலேயே எருமையைத் தாங்கிய நம் ஊரார், அந்நாளில் வெட்சி சூடிய கூட்டம் ஒன்று வருவதைக் கண்டிருந்தால் முதலில் கொட்டிலைத் தாழிட்டிருப்பர் போலும்!

ஐரோப்பியர் இச்செடியை அறிந்த வரலாற்றில் நம் திருச்சபைக்கும் ஒரு சிறு பங்குண்டு. கொச்சியில் டச்சுக்காரரின் ஆளுநராயிருந்த வான் ரீட் என்பவர் மலபாரின் செடிகொடிகளையெல்லாம் படத்தோடு தொகுத்தார்; அத்தொகுப்பு ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ என்னும் பெயரில் 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாம் நகரில் 1678 முதல் 1693 வரை வெளிவந்தது. அப்பணிக்குத் தொடக்கத்தில் படம் வரைந்தும் குறிப்பெழுதியும் உதவியவர் கார்மேல் சபைத் துறவியான அருட்தந்தை மத்தேயு. செடிகளின் குணத்தையும் பெயரையும் எடுத்துரைத்தவர் இட்டி அச்சுதன் என்னும் மலையாள வைத்தியர். சீர்திருத்த சபையைச் சார்ந்த டச்சு ஆளுநரும், கத்தோலிக்கத் துறவியும், இந்து வைத்தியரும் ஒரே நூலுக்காக உழைத்தது அக்காலத்தில் எளிதில் நடக்கக்கூடியதன்று. அந்நூலில் நம் வெட்சி ‘செத்தி’ என்னும் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. பின்னர் 1753இல் லின்னேயஸ் அதற்கு இக்சோரா எனப் பெயரிட்டார். ஈசுவரன் என்னும் சொல் போர்த்துகீசியர் நாவில் உருமாறியதே அப்பெயர் என்பர். இன்று தென் அமெரிக்காவின் சூரினாம் நாட்டார் இதனைத் தம் நாட்டுக்கே அடையாளப் பூவாகப் போற்றுகின்றனர்.

மஞ்சளாகும் இலை

இத்துணைப் பெருமை இருந்தும், நம் பகுதியின் வாசல்களில் வெட்சி நலமாக இருக்கிறதா என்று பார்த்தால், பத்தில் பாதியேனும் வெளிறிப் போயிருக்கிறது. கொழுந்து இலை எலுமிச்சை நிறமாகவும், நரம்பு மட்டும் பச்சையாகவும் இருக்கும். நாளடைவில் கொழுந்து வெண்மையேறிச் சிறுத்து, நுனி கருகி, பூவே வராமல் செடி குச்சியாகிவிடும். சிலர் அதனைக் கண்ணேறு என்கின்றனர். சிலர் வைரஸ் என்கின்றனர். இரண்டுமன்று. அது இரும்புச்சத்துப் பற்றாக்குறை.

இரும்பு நம் மண்ணில் இல்லையா? நிறைய இருக்கிறது. செம்மண்ணின் சிவப்பே இரும்பினால் வந்ததுதான். ஆனால் சேலம், நாமக்கல் சமவெளியின் மண்ணில் பல இடங்களில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. கிணறு வெட்டும்போது வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு கரையாமல் பூட்டுண்டு கிடக்கும். கிணறு நிறைய நீர் இருந்தும் கையில் கயிறில்லாதவன் நிலைதான் செடிக்கு. அசேலியாவைப் போலவே வெட்சியும் புளிப்பு மண்ணையே விரும்புவது. வெம்மையைத் தாங்குவதில் அதனினும் பன்மடங்கு வலியது; எனினும் சுண்ணாம்பைப் பொறுப்பதில் சற்றே வலியது, அவ்வளவே. மண் ஆய்வுச் சீட்டில் கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரை இருந்தால் வெட்சிக்கு உவப்பு. 7.5 தாண்டினால் தொல்லை தொடங்கும்.

ஆய்வுக்கூடம் செல்ல இயலாதவர்கள் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். தோட்டத்து மண்ணில் ஒரு கரண்டி எடுத்துக் காயவைத்து, அதன்மேல் சில துளி வினிகர் விடுங்கள். சுரசுரவென்று நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு தாராளமாக இருக்கிறதென்று பொருள். அத்தகைய மண்ணைக் கந்தகத் தூள் இட்டுப் புளிப்பாக்கலாம் என்று நூல்கள் சொல்லும். கந்தகத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக்குவது உண்மையே. ஆனால் நுரைத்தெழும் மண்ணில் எத்தனை கந்தகம் இட்டாலும் அமிலத்தைச் சுண்ணாம்பு விழுங்கிக்கொண்டே இருக்கும். வீண் செலவு. அவ்வீட்டார் தரையை விட்டுவிட்டுத் தொட்டியில் வெட்சி வைப்பதே சிறந்தது.

இங்கே நம் மாவட்டத்துக்கே உரிய ஓர் இடரைச் சொல்லியாக வேண்டும். நாமக்கல் என்றால் முட்டை. முட்டை என்றால் கோழி எரு. குறைந்த விலைக்குக் கிடைப்பதால் வீட்டுத் தோட்டத்துக்கும் அதையே கொட்டுகின்றனர். முட்டையிடும் கோழிக்கு ஓடு உறுதியாவதற்காகத் தீவனத்தில் சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் சேர்க்கிறார்கள். அதில் ஒரு பங்கு ஓட்டுக்குப் போகிறது. எஞ்சியது எருவோடு வெளியேறுகிறது. ஆக, வெட்சியின் அடியில் கோழி எரு வைப்பது சுண்ணாம்பு வைப்பதற்கு ஒப்பாகும். நாம் அறிந்த ஒரு குடும்பத்தில், மூன்று தலைமுறை கண்ட வெட்சிப் புதர் ஒன்று வெளிறத் தொடங்கியது. சத்துக் குறைவு என்று எண்ணிக் கூடை கூடையாகக் கோழி எரு வைத்தனர். வெளிறல் மிகுந்தது, மேலும் வைத்தனர். இரண்டு கோடையில் புதர் முடிந்தது. பாட்டி தம் திருமணத்தன்று நட்டதாம் அது. கோழி எருவைத் தென்னைக்கும் கரும்புக்கும் விட்டுவிடுங்கள். வெட்சிக்கு நன்கு மக்கிய மாட்டெருவும் இலைமக்குமே போதும். அடுப்புச் சாம்பலும் முட்டை ஓடும் அவ்வாறே ஆகாதவை. முட்டை ஓட்டை நொறுக்கி எல்லாச் செடிக்கும் போடும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. தக்காளிக்குப் போடுங்கள், தடையில்லை.

மற்றொரு சுண்ணாம்பு நம் சுவர்களில் இருக்கிறது. ஆலய வளாகங்களிலும் பள்ளிகளிலும் சுற்றுச்சுவரை ஒட்டியே வெட்சியை வரிசையாக நட்டுவிடுகிறோம். திருவிழா தோறும் சுவருக்கு வெள்ளையடிக்கிறோம். மழையில் அது கரைந்து வேரில் இறங்குகிறது. சிமெண்டுப் பூச்சும் அதையே செய்கிறது. சுவரிலிருந்து 3 அடியேனும் தள்ளி நடுவது நலம். கட்டட வேலை நடந்த இடத்தில் காரைக் கழிவு புதைந்திருந்தால் அதை அள்ளி அப்புறப்படுத்தாமல் எச்செடியும் வைக்க வேண்டாம். தொட்டி வாங்குவோரும் புதிய சிமெண்டுத் தொட்டியைத் தவிர்த்து, மண் தொட்டியோ பிளாஸ்டிக் தொட்டியோ வாங்குவது நன்று. 12 அங்குல வாயுள்ளது ஒரு செடிக்குப் போதும். செம்மண் 2 பங்கு, இலைமக்கு 2 பங்கு, மக்கிய மாட்டெரு 1 பங்கு, சுண்ணாம்புக் கல் கலவாத மணல் 1 பங்கு எனக் கலந்து நிரப்பலாம். தென்னை நார்க்கழிவு கிடைத்தால் இரண்டு மூன்று முறை நீரில் அலசி உப்பைப் போக்கிய பின் இலைமக்குக்குப் பதிலாகச் சேர்க்கலாம். இலைமக்குக்காகக் கொல்லிமலைக் காட்டில் சாக்கோடு இறங்க வேண்டாம்; அது காட்டின் உணவு. நம் வேம்பும் புங்கமும் உதிர்ப்பதைக் கூட்டிக் கொளுத்தாமல் ஒரு குழியில் இட்டு ஈரம் காத்தால் ஓராண்டில் அதே மக்கு கிடைக்கும்.

ஏற்கெனவே வெளிறிய செடிக்கு உடனடி மருந்து அன்னபேதி. நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கும் இரும்பு சல்பேட்டு அது. 1 லிட்டர் நீரில் 5 கிராம் கரைத்து, கரைசல் திரியாதிருக்க அரை எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து, துணியில் வடிகட்டி, வெயில் தாழ்ந்த மாலையில் இலையின் இருபுறமும் நனையத் தெளிக்க வேண்டும். 10 நாளுக்கு ஒரு முறையாக மூன்று முறை தெளித்தால் இலை பச்சை பிடிப்பதைக் காணலாம். ஆனால் தெளித்த இலைதான் தேறும். பின்னர் வரும் கொழுந்துக்கு மீண்டும் தெளிக்க வேண்டும். அன்னபேதியைச் சுண்ணாம்பு மண்ணில் கொட்டினால் சில நாளிலேயே அதுவும் பூட்டுண்டு போகும். வேர் வழியே கொடுக்க வேண்டுமானால் கொடுக்கிணைப்பு இரும்பு என்று உரக்கடையில் விற்பதை வாங்கலாம், அதிலும் இ.டி.டி.ஏ. என்ற வகை சுண்ணாம்பு மண்ணில் விரைவில் செயலிழக்கும், இ.டி.டி.எச்.ஏ. என்ற வகையே நின்று பயன் தரும். விலை கூடுதல்தான். மற்றொன்று: அன்னபேதிக் கரைசல் பட்ட இடத்தில் துருக்கறை விழும். வெள்ளையடித்த சுவர், பளிங்குத் தரை, வெள்ளைச் சட்டை ஆகியவற்றுக்கு அருகே எச்சரிக்கை தேவை.

எல்லா மஞ்சளும் இரும்புக் குறையன்று என்பதையும் சேர்த்துச் சொல்வது கடமை. கொழுந்து பச்சையாயிருக்க, அடியிலுள்ள முதிர்ந்த இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை. மக்கிய எருவோ ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குத் தண்ணீரோ அதைத் தீர்க்கும். முதிர்ந்த இலையில் செம்பழுப்புத் திட்டுகள் தோன்றினால் பெரும்பாலும் அது பூசணமன்று. சாம்பல்சத்தும் மணிச்சத்தும் குறைந்ததன் அடையாளம். மருந்து தெளிப்பதற்கு முன் எந்த இலை மஞ்சளாகிறது, கொழுந்தா முதிர்ந்ததா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தால் பாதிச் செலவு மிஞ்சும்.

தண்ணீர்

ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் படிகிறதே, அந்தப் படலமே நாள்தோறும் நம் செடியின் அடியிலும் படிகிறது. நல்ல மண் கலந்து தொட்டி வைத்தவர்களின் செடியும் இரண்டாம் ஆண்டில் வெளிறுவதன் காரணம் இதுவே. மழைநீர்தான் வெட்சியின் நீர். தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. குழாய் பொருத்திய வீடுகள் பல, அதன் வாய் எங்கே போகிறதென்று இன்று அறியா. 1,000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தாலே ஏறத்தாழ 900 லிட்டர் நீர் கிடைக்கும். அதில் இரண்டு பீப்பாய் பிடித்து, கொசு புகாதபடி வலைத்துணியால் மூடி வைத்தால், வாரம் ஒரு முறையேனும் தொட்டியின் சுண்ணாம்பைக் கழுவி வெளியேற்றப் பயன்படும். குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடுகளில் அதிலிருந்து சொட்டும் நீரும் சுண்ணாம்பு அற்றது. வாளி வைத்துப் பிடியுங்கள். குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரோ உப்புத் திரண்டது. வீணாகிறதே என்ற நல்லெண்ணத்தில் அதைச் செடிக்கு ஊற்றுகின்றனர். தரை கழுவ அதை வைத்துக்கொள்ளலாம்.

வேரடியில் நிலக்கடலைத் தோலோ உலர்ந்த இலையோ 2 அங்குலம் பரப்பி, தண்டை ஒட்டாமல் சற்று விலக்கி வைத்தால் கத்திரி வெயிலிலும் மண் ஆறியிருக்கும். நாளில் 5 மணி நேரமேனும் வெயில் படாத இடத்தில் வெட்சி உயிர் வாழும், பூக்காது. புதிதாக நட்ட செடிக்கு மட்டும் முதற் கோடையில் பிற்பகல் நிழல் வேண்டும்.

கவ்வாத்து

வெட்சியின் பூங்கொத்து கிளையின் நுனியில்தான் பிறக்கும். ஒரு கிளை ஒரு கொத்தைத் தந்தபின், அதற்குக் கீழேயுள்ள கணுக்களிலிருந்து புதுத் தளிர்கள் வந்து, அவற்றின் நுனியில் அடுத்த கொத்து வரும். மீண்டும் மீண்டும் பூப்பதன் இரகசியம் இவ்வளவே. வாடிய கொத்தை அப்படியே விட்டால் காய் பிடித்து, தளிர் வரத் தாமதமாகும். அதற்குக் கீழுள்ள ஓர் இணை இலையோடு சேர்த்துக் கிள்ளிவிட்டால் ஒன்றுக்கு இரண்டாகக் கிளைத்து, நம் வெப்பத்தில் இரண்டு மாதமளவில் பூ வரும். இதை அறியாமல், தோட்ட வேலைக்கு வரும் ஆள் பெரிய கத்தரிக்கோலால் மாதந்தோறும் பெட்டி போலச் சமமாக வெட்டித் தள்ளும் காட்சியை எத்தனையோ நிறுவன வளாகங்களில் காண்கிறோம். வரவிருந்த அரும்பு அத்தனையும் வெட்டில் போய்விடுகிறது. பச்சைச் சுவர் கிடைக்கும், பூ கிடைக்காது. வெட்சிக்கு இப்படிச் செய்வது நமக்கு ஒப்பவில்லை.

எப்போது வெட்டுவது? நம் வழிபாட்டு நாட்காட்டி இதற்கு அழகாகத் துணை செய்கிறது. தவக்காலத்தில், நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் திருவிழாக்களும் நீங்கலாக, பீடத்தை மலரால் அலங்கரிப்பதில்லை. ஆகவே விபூதிப் புதனை ஒட்டி வெட்சியை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டால் பறிப்பதற்குப் பூவில்லையே என்ற குறை எழாது. பாஸ்கா காலத்திலும், மாதாவின் வணக்க மாதமாகிய மே மாதத்திலும் கெபிக்கு முன் கொத்துக் கொத்தாகப் பூ நிற்கும். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பூ வேண்டுவோர் செப்டம்பர் கடைசியில் இலேசாக வெட்டி, ஒரு கை மாட்டெரு வைக்கட்டும். பருவமழையும் சேர்ந்துகொள்ளும். கத்திரி வெயிலில் மட்டும் கத்தியை எடுக்க வேண்டாம். வெட்டுப்பட்ட கிளை உள்ளுக்குள் காய்ந்துகொண்டே போகும். பல்லாண்டு வெட்டாமல் விட்டு அடி மொட்டையாகிப்போன பழம்புதரை ஒரே நாளில் தரைமட்டமாக்காமல், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்குக் கிளையாக மூன்றாண்டில் புதுப்பிக்கலாம்.

பூச்சித் தொல்லை பெரிதில்லை. எறும்பு ஏறினால் இலையின் அடியைப் புரட்டிப் பாருங்கள். மாவுப்பூச்சியோ செதிற்பூச்சியோ அசுவினியோ இருக்கும். அவை சுரக்கும் இனிப்பின்மேல்தான் கரும்பூசணம் படர்கிறது. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து வாரம் ஒரு முறை தெளித்தால் அடங்கும்.

பிள்ளைகளும் ஆடுகளும் உள்ள வீடு

பூச்செடி தேர்ந்தெடுக்கும்போது பலரும் நினையாத ஒன்று நஞ்சு. அசேலியாவின் இலையும் பூவும் தேனும் நஞ்சுடையவை. கி.மு. 401இல் கருங்கடலோரம் கடந்து சென்ற கிரேக்கப் படையினர் அங்கே காட்டில் கிடைத்த தேனை உண்டு, நிற்கவும் இயலாமல் மயங்கி விழுந்ததைப் படைத்தலைவர் செனபோன் எழுதி வைத்திருக்கிறார். அது ரோடோடென்ட்ரான் பூவின் தேன் என்பது அறிஞர் துணிபு. ஆடு அசேலியாவை மேய்ந்தால் நஞ்சேறி நோயுறும், இறக்கவும் கூடும்.

நம் ஊர்ப்பக்கம் அசேலியா இல்லையென்றாலும் அரளி இருக்கிறது. சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளிப்பூ சாகுபடியால் வாழும் குடும்பங்கள் பல. நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் அதை நடுவதும் காரணத்தோடுதான். கால்நடை வாய் வைக்காது, வறட்சி தாங்கும். அங்கே அது இருக்கட்டும். ஆனால் செவ்வரளியின் எல்லா உறுப்பும், மஞ்சள் அரளியின் காயும் விதையும் இதயத்தைத் தாக்குபவை. எத்தனை இல்லங்களில் இது கண்ணீரை வரவழைத்திருக்கிறது என்பதைப் பங்குப் பணியில் இருப்போர் அறிவர். 2024 மே மாதத்தில் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவசம் வாரியம், தன் கோவில்களில் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளியைச் சேர்க்க வேண்டாமென்றும் துளசி, தெச்சி போன்றவற்றைக் கொள்ளலாமென்றும் முடிவு செய்தது. தெச்சி என்பது நம் வெட்சியே. தவழும் பிள்ளை உள்ள வீட்டிலும், மனம் நொந்த ஒருவர் இருக்கும் வீட்டிலும் அரளிக்குப் பதில் வெட்சி வைப்பது வெறும் அழகுக் கணக்கன்று. பிள்ளை அரளியைக் கடித்துவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரம் போக்காமல் உடனே 108க்குச் சொல்லி மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

வெட்சியில் அந்த அச்சம் இல்லை. பூவின் நீண்ட குழலிலிருந்து நடு இழையை உருவி அதன் நுனியிலுள்ள தேன்துளியை நக்காத தமிழ்ப் பிள்ளை உண்டோ? கறுத்துப் பழுத்த அதன் சிறு கனியையும் தின்னலாம். அக்குழலின் ஆழத்தில் தேன் இருப்பதால் நீண்ட உறிஞ்சுகுழலுடைய பட்டாம்பூச்சிகளே அதனை மிகுதியும் நாடுகின்றன. காலை ஒன்பது மணிக்குப் புதரருகே நின்றால் காணலாம்.

நாற்றங்காலில் இப்போது குட்டை வகைகளும், மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு வகைகளும் கிடைக்கின்றன. வாங்கும்போது பூவைப் பார்க்காமல் கொழுந்தைப் பாருங்கள். அங்கேயே வெளிறியிருந்தால் வேண்டாம். சுண்ணாம்பு மண்ணில் முதலில் தளர்வன குட்டை வகைகளே. அவை தொட்டிக்கு ஏற்றவை. தரையில் வைப்போருக்குப் பழைய நாட்டுச் சிவப்பையே பரிந்துரைப்போம். அதற்கு நாற்றங்காலும் வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் நலமாக நிற்கும் செடியின் தாழ்ந்த கிளையொன்றை ஆடி மழை தொடங்கும்போது வளைத்து, நடுவில் பட்டையைச் சிறிது சீவி, இலைமக்கு கலந்த மண்ணுக்குள் 3 அங்குலம் புதைத்து, எழாதபடி மேலே ஒரு கல்லை ஏற்றிவிடச் சொல்லுங்கள். நுனி மட்டும் வெளியே நிற்கட்டும். ஈரம் காய விடாமல் வைத்தால் மூன்று மாதத்தில் வேர் பிடித்திருக்கும். ஐப்பசி மழையில் தாயிடமிருந்து வெட்டி எடுத்து, வேர் மண்ணோடு கொணர்ந்து உங்கள் வாசலில் நடலாம்.